நாலு மணி வரைக்கும் தூசி

– மெதுவா மாமா, அந்த மூலை ஸ்க்ரூவுக்கு மண்டை தேஞ்சு போயிருக்கு.

– ஊர்ல பாதி வீட்டு ஃபேனைக் கழட்டி மாட்டினவன்கிட்ட ஸ்க்ரூவைப் பத்திப் பேசறியா?

– அது மேல தொங்கற ஃபேன். இது லேப்டாப்.

– இதுக்குள்ளயும் ஃபேன்தானே இருக்கு? அந்த ஃபேன் குட்டி போட்டா இந்த சைஸ்லதான் இருக்கும்... தள்ளு, வெளிச்சத்தை மறைக்காதே.

– நாலு மணிக்குள்ள மூடிருவீங்கல்ல?

– நாலு மணிக்கு என்ன?

– நேத்து சாப்பிடும்போது சொன்னேனே. இன்டர்வியூன்னு. நீங்களும் உங்க பையனும் கேட்டுட்டுத்தான இருந்தீங்க?

– ஓ... ஆமா. அது இன்னிக்கா?

– இன்னிக்குத்தான். கடைசி ரவுண்டு. இதுல தேறிட்டா வேலை எனக்குத்தான்.

– பார்ப்போம். தூசி எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நேரம் ஆகும்... நிறைய ஆகும்.

– மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் நீங்களாத்தான் கேட்டு வாங்கினீங்க. இரைச்சல் போடுது, அனல் அடிக்குது, குடு பார்க்கறேன்னு.

– நல்லதுக்குத்தான் சொன்னேன்! பேச்சுக்கு நடுவுல பட்டுனு அணைஞ்சு போச்சுன்னா? ...இந்தா, மூடி வந்துருச்சு. அடேயப்பா!

– ஐயோ.

– இதென்ன லேப்டாப்பா, தலையணையா? பஞ்சு பஞ்சா அடைச்சிருக்கு பாரு. காத்து எப்படிப் போகும்?

– பக்கத்து வீட்டை இடிச்சாங்களே, அந்தத் தூசி.

– இடிச்ச தூசி சிமென்ட் நிறத்துல இருக்கும். இது நீலம். உன் போர்வை. கட்டில்ல போர்வை மேல வெச்சு வேலை பார்க்கறே, அது அடியில இருக்கிற ஓட்டை வழியா அத்தனையையும் இழுத்துக்குது.

– மேஜையில உங்க பையனோட சாமானெல்லாம் பரப்பிக் கிடக்கு. நான் எங்க வெச்சுப் பார்க்கறது?

– ...அந்த பிரஷ்ஷை எடு.

– இந்தாங்க. பல்குச்சி வேணுமா? ஃபேன் சுத்தாம இருக்க நடுவுல சொருகி வெச்சுட்டு ஊதணுமாம். இல்லேன்னா கெட்டுப் போகுமாம்.

– எனக்கே பாடமா? குடு... பேட்டரி ஒயரைக் கழட்டிட்டேன், பார்த்தியா? அது முதல்ல. அப்புறந்தான் மத்ததெல்லாம்.

– பார்த்தேன்.

– இரு, போன் அடிக்குது. ஹலோ... ம்... ம்... பிரிச்சாச்சு... இல்லடா, அவ இங்கதான்... ம்... நீ சாப்டியா? ...சரி, வை.

– யாரு மாமா?

– ராங் நம்பர்.

– ராங் நம்பர் சாப்ட்டாச்சாமா?

– ...பிரஷ் எங்க வெச்சேன்?

– உங்க கையில இருக்கு.

– ம். இதுல ஒரு சிக்கல் இருக்கும்மா. இந்தச் செம்புக் குழாயைக் கழட்டினாத்தான் முழுசா சுத்தம் ஆகும். கழட்டினா சூட்டைக் கடத்தறதுக்கு அடியில தடவியிருக்கிற பழைய பசையைச் சுரண்டிட்டுப் புதுசு தடவணும். அது நம்மகிட்ட இல்ல. கடைக்குப் போய்த் தேடி வாங்கிட்டு வர்றதுக்குள்ள...

– இந்தாங்க பசை.

– இது ஏது?

– போன வாரமே வாங்கி வெச்சேன்.

– ...முன்னேற்பாடாத்தான் இருக்கே.

– இருக்க வேண்டியிருக்கு மாமா. போன வருஷம் இதே மாதிரி ஒரு இன்டர்வியூ நடந்துட்டிருந்தப்போ நெட் போச்சே, ஞாபகம் இருக்கா?

– எலி ஒயரைக் கடிச்சிருக்கும்.

– எலி ஸ்விட்சையுமா அணைச்சுட்டுப் போச்சு?

– அந்தப் பசையை இப்படி வை.

– கழட்டுங்க மாமா. குழாயைக் கழட்டுங்க.

– ஏம்மா... அந்த வேலை கிடைச்சா அந்த ஊருக்கே போயிரணுமா?

– ஆமா. ரயில்ல ஒரு ராத்திரி.

– இவன்?

– கூப்பிட்டேன். அங்கயும் வேலை கிடைக்கும், வாங்கன்னு.

– என்ன சொன்னான்?

– தலையணையைத் திருப்பிப் போட்டுட்டுப் படுத்துட்டார்.

– அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். பிடிக்கலேன்னா வாயைத் திறக்க மாட்டான்... காரியத்துல காட்டுவான்.

– தெரியும்.

– நீ போயிட்டா இந்த வீட்டுல எனக்குப் பேச ஆளில்ல. அதையும் சொல்லிடறேன். அவனும் நானும் பேசினா மழை வருமா வராதாங்கறதோட முடிஞ்சு போகும்.

– தினமும் போன் பண்றேன்.

– போன்ல பேசறதும் பேச்சா? ...பஞ்சைக் குடு, துடைக்கிறேன். மணி என்ன?

– மூணே கால்.

– உனக்குப் பதட்டமே இல்லையா? புடவை மாத்தலை, தலை வாரலை...

– நான் பதட்டப்பட்டா தூசி போயிருமா?

– இல்ல... நீ முன்ன ஒரு இன்டர்வியூவுக்குக் காலையிலேர்ந்து சோறு தண்ணி இல்லாம கிடந்தே.

– அப்போ விவரம் பத்தல. டீ போடட்டுமா?

– டீயா? இப்பவா? ஒண்ணும் வேணாம். அந்தக் குழாயை எடு... புதுப் பசையைத் தடவி... இதை இப்படி வெச்சு... ஸ்க்ரூ... நாலும் இருக்கா பார்.

– இருங்க மாமா, அந்தச் சல்லடை மாதிரி இருக்கே, அங்க இன்னும் நீலமா தெரியுது.

– அது கிடக்கட்டும். போதும்.

– முழுசா எடுங்களேன்.

– நேரமாகுதும்மா!

– பரவாயில்ல. அரைகுறையா விட்டா மறுபடி அடைச்சுக்கும்.

– இன்டர்வியூ உனக்கா எனக்கா? நான் இங்க வேர்த்து வழியறேன், நீ ஓரத்துல தூசி இருக்கு, மூலையில தூசி இருக்குன்னு நிக்கறே!

– முதல்ல நிறைய நேரம் ஆகும்னீங்க. இப்போ எதுக்கு இப்படிப் பறக்கறீங்க?

– ...குடு அந்த பிரஷ்ஷை. எடுத்துத் தொலைக்கிறேன்.

– கீபோர்டுக்கு அடியிலயும் ஒரு ஊது ஊதிடுங்க.

– ஊதியாச்சு! பேட்டரியை மாட்டறேன்... மூடி... இந்த மண்டை தேஞ்ச ஸ்க்ரூ வேற... ஆச்சு. போடு ஆன் பண்ணி.

– வருது.

– காதை வெச்சுக் கேளு. மூச்சு விடற சத்தம்கூட இல்ல. பார்த்தியா?

– ஆமா மாமா. புதுசு மாதிரி இருக்கு.

– மணி மூணே முக்கால். போ, முகத்தைக் கழுவிட்டு வந்து உட்காரு. மேஜையில இருக்கற அவன் சாமானை நான் தூக்கி அந்தாண்ட போடறேன். நெட் ஸ்விட்ச்கிட்டயே நாற்காலி போட்டு உட்கார்றேன், எந்த எலி வருதுன்னு பார்க்கறேன்.

– மாமா...

– போம்மா. நிக்காதே.

– ஏன் மனசு மாறினீங்க?

– ...என்ன மனசு?

– சொல்லுங்க.

– அவன்தான் சொன்னான். நேத்து ராத்திரி. தூசி தட்டறேன்னு வாங்கிப் பிரிச்சுப் போட்டுருங்கப்பா, நாலு மணி வரைக்கும் மூடாதீங்கன்னு. எனக்கும் ஆசைதான், நீ இங்கயே இருக்கட்டும்னு. அதான் சரின்னுட்டேன். ஆனா நீ பக்கத்துல நின்னு பிரஷ்ஷையும் பஞ்சையும் எடுத்து எடுத்துக் குடுக்கறே... எனக்கு வெட்கமாப் போச்சு. தப்புதான். மன்னிச்சுக்கோ.

– நீங்க பேசினது கேட்டுச்சு மாமா. அடுக்களை ஜன்னல் திறந்திருந்துச்சு.

– கேட்டுச்சா? கேட்டுட்டுமா லேப்டாப்பை என் கையில குடுத்தே?

– இன்டர்வியூ காலையிலேயே, நீங்க கடைக்குப் போயிருந்தப்போ முடிஞ்சு போச்சு மாமா. நாலு மணின்னு உங்க ரெண்டு பேருக்கும் மட்டும்தான் சொன்னேன். அப்பவே சொல்லிட்டாங்க, வேலை கிடைச்சாச்சு. திங்கக்கிழமை கிளம்பறேன். அங்க இதைப் பிரிச்சு இப்படி சுத்தம் பண்ணித் தர எனக்கு யாரு இருக்கா, அதான் குடுத்தேன்.