தடம் பதியாத ஜிபிஎஸ்

ஸ்வாவர்: ...அதுவும் வேண்டாமா? யோவ் தோர்கெல், அஞ்சு ஜிபிஎஸ் எடுத்துக் காட்டிட்டேன். நான் கடை நடத்த வேண்டாமா?

தோர்கெல்: எழுத்து பொடிசா இருக்கு.

ஸ்வாவர்: அப்ப இது. பெரிய திரை. கையுறை போட்டுக்கிட்டே அமுக்கலாம். ஜீப்புலயும் மாட்டலாம், கழட்டிக் கையில எடுத்துக்கிட்டும் நடக்கலாம்.

ராக்னா: நல்லாத்தானே இருக்கு?

தோர்கெல்: இது... போன வழியெல்லாம் பதிஞ்சு வச்சுக்குமா?

ஸ்வாவர்: பின்ன? எங்க போன, எங்க நின்ன, எவ்வளவு நேரம் நின்ன, எல்லாம் இருக்கும். பனிமூட்டம் வந்தா அதே தடத்துல திரும்பி வந்துடலாம். அதுக்குத்தானே வாங்குறது!

தோர்கெல்: அது இல்லாம ஒண்ணு...

ஸ்வாவர்: தடம் பதியாத ஜிபிஎஸ் ஐஸ்லாந்து பூரா தேடினாலும் கிடைக்காது. கேட்டியா ராக்னா? உன் புருஷன் போன தடம் யாருக்கும் தெரியக் கூடாதாம். கொஞ்சம் விசாரிம்மா!

ராக்னா: விசாரிச்சுட்டாப் போச்சு.

தோர்கெல்: ரெண்டு பேரும் சும்மா இருங்க... பேட்டரி தீந்துடுமேன்னு கேட்டேன்.

ஸ்வாவர்: ஜீப்புலேர்ந்துதான் கரண்டு வருதே! காப்பி ஆறுது, குடி. இங்க பாரு, க்ரோஸ்ஸா ஆறு. நீ வழக்கமா இறங்குற இடம்கூட...

தோர்கெல்: நீலக் கோடு. அவ்வளவுதான். ஆழம் போட்டிருக்கா?

ஸ்வாவர்: ஆழத்த எந்தக் கருவிய்யா சொல்லும்? காலையில முழங்கால், மத்தியானம் பனி உருகினா இடுப்பு. இறங்கி நடந்து பாக்கத்தான் நீ இருக்கியே. வர சனிக்கிழமை ஜீப் சங்கப் பயணத்துல எட்டு வண்டி உன் பின்னாடி. மூணாவது வண்டில என் பேத்திங்க ரெண்டும். தோர்கெல் முன்னாடி போறான்னு சொன்னேன், என் பொண்டாட்டி மறுபேச்சு பேசல. அன்னைக்கு ஆத்துத் தண்ணி வண்டிய நூறு மீட்டர் இழுத்துக்கிட்டுப் போகுது, இவன் கூரை மேல உக்காந்து விசில் அடிக்கிறான்! ரெண்டு வருஷமாச்சு, ஜீப் சங்கத்துல இன்னும் அதச் சொல்லித்தான் சிரிக்கிறோம்.

ராக்னா: ஸ்வாவர், இத வண்டில மாட்ட ஒரு தாங்கி வேணுமே. உள்ள இருக்கா பாரேன்.

ஸ்வாவர்: கிடங்குல இருக்கும். இரு, வரேன்.

ராக்னா: ...அவன் போயிட்டான். சொல்லு.

தோர்கெல்: என்னத்தச் சொல்ல?

ராக்னா: போன ஞாயித்துக்கிழமை நீ போய்ப் பாத்தப்ப க்ரோஸ்ஸாவுல தண்ணி எவ்வளவு?

தோர்கெல்: தொடை வரைக்கும். இழுப்பு ஜாஸ்தி.

ராக்னா: அதுக்கு முந்தின வாரம்?

தோர்கெல்: அதே அளவு... என்ன இது, போலீஸ் மாதிரி?

ராக்னா: உன் ரப்பர் கால்சட்டைய நான்தான் காயப் போடுறேன். பனியாத்துல இறங்கினா மடிப்புல எல்லாம் சாம்பல் மாதிரி வண்டல் உக்காந்துடும். முந்தியெல்லாம் உதறினா வாசலே நாசமாகும். ரெண்டு வருஷமா ஒரு பொட்டு வண்டல் இல்ல. ஈரம் மட்டும் இருக்கு. கார் கொட்டகைக்குப் பின்னால இருக்குற குழாய்ல நனைச்சதுதானே?

தோர்கெல்: ...ஆமா.

ராக்னா: எதுவரைக்கும் போறன்னு நீயே சொல்லு.

தோர்கெல்: முதல் ஓடை வருதில்ல... அது வரைக்கும். கணுக்கால் தண்ணிதான். வாடகை வண்டில வர டூரிஸ்ட்டுங்க எனக்குக் கையாட்டிட்டுத் தாண்டிப் போறாங்க. நான் இன்ஜின ஓட விட்டுட்டு உக்காந்திருக்கேன்.

ராக்னா: ம்.

தோர்கெல்: கல் உருளுற சத்தம், ராக்னா. அன்னைக்கு வண்டிக்கு அடியில கேட்ட சத்தம். எந்தத் தண்ணியப் பாத்தாலும் அது கேக்குது, வண்டிய இறக்க முடியல. விசில் அடிச்சேன்னு சிரிக்கிறானே... பயத்துல எனக்குக் குரல் வரல. கத்த முடியாமத்தான் விசில் அடிச்சேன்.

ராக்னா: என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?

தோர்கெல்: எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சுட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது? புதுசா ஒரு கருவி வாங்கினா தைரியம் வந்துடும்னு...

ராக்னா: அந்தக் குழந்தைங்க மூணாவது வண்டில இருக்கும்.

தோர்கெல்: தெரியும்.

ஸ்வாவர்: கிடைச்சிருச்சு, கடைசித் தாங்கி! பில் போடவா?

தோர்கெல்: ஸ்வாவர்... சனிக்கிழமை நான் முன்னாடி போகல.

ஸ்வாவர்: ஏன்யா, உடம்பு சரியில்லையா?

தோர்கெல்: பயமா இருக்கு.

ஸ்வாவர்: விளையாடாத.

தோர்கெல்: ரெண்டு வருஷமா நான் ஒரு ஆத்தையும் தாண்டல. முதல் ஓடையோட திரும்பிடுவேன். உங்ககிட்டச் சொன்னதெல்லாம் புளுகு.

ஸ்வாவர்: வாரா வாரம் தண்ணி மட்டம் சொன்னியேய்யா... போன மாசம் அத நம்பித்தானே நான் இறங்கினேன்!

தோர்கெல்: தெரியும். நீ வீடு வந்து சேந்துட்டன்னு கேக்குற வரைக்கும் போன் பக்கத்த விட்டு நகரல. அன்னைக்கே சொல்லியிருக்கணும். தப்புதான்.

ஸ்வாவர்: ...எனக்கு வர கோவத்துக்கு உன்ன... சரி, விடு. இப்பவாவது வாயத் தொறந்தியே. நம்ம சங்கத்து எய்வின்ட முன்னாடி போகச் சொல்றேன். மத்தத அப்புறம் பேசிக்கலாம். இத உள்ள எடுத்து வச்சிடவா?

ராக்னா: வேண்டாம். கட்டிக் குடு.

தோர்கெல்: எதுக்கு? ஓடை வரைக்கும் போக எனக்கு ஜிபிஎஸ் வேணுமா?

ராக்னா: உனக்கு யாரு வாங்குறா? என் வண்டிக்கு. மூட்டத்துல ரெண்டு தடவை உன் பின்விளக்கத் தவற விட்டுட்டேன்.

தோர்கெல்: என் பின்விளக்கா? நீ ஞாயித்துக்கிழமை பாட்டுக் குழுவுக்குல்ல போவ?

ராக்னா: அங்க போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஓடைக்கு முந்தின வளைவுல வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருப்பேன்... என்னைக்காவது நீ துணிஞ்சு இறங்கிட்டா, கரையில ஒரு ஆளு வேணும்ல.