எங்க வீட்டுச் சட்டசபையும் பைக் சாவியும்

முன்வரிசையில உட்கார்ந்திருக்கிற மாணவர் பேரவைப் பிள்ளைகளே... பிரதமர் ஆட்சி, அதிபர் ஆட்சின்னு பேராசிரியர் ஐயா இவ்வளவு நேரம் அழகா விளக்கினாங்க. நான் பத்தாம் வகுப்பையே ரெண்டு தவணையில முடிச்சவன். சாத்தூர்ல ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிறவன். அந்த அளவுக்கு எனக்கு வராது. எங்க வீட்ல நடந்த சின்னக் கதை ஒண்ணு கையில இருக்கு, அதைச் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன். மூணாவது வரிசையில ஒரு பொண்ணு முகத்தை மூடிக்கிட்டு இருக்கே... அதுதான் என் மூத்த மக கோமதி. என்ன கதைன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு!

போன வருஷம் பிளஸ் டூ முடிச்சா. "அப்பா, திருநெல்வேலியில தங்கி வக்கீலுக்குப் படிக்கிறேன்"னா. ஹாஸ்டல்ல விடணுமே... எனக்கு மனசு வரல. "உள்ளூர்லயே பி.காம் படி"ன்னேன். அழுதா. நான் சும்மா இருந்திருக்கலாம். பெரிய மனுஷனாட்டம், "நம்ம வீட்ல ஜனநாயகம்தான். வீடு என்ன சொல்லுதோ அதான் முடிவு"ன்னுட்டேன்.

கண்ணைத் துடைச்சா. கேட்டா பாருங்க ஒரு கேள்வி...

"எந்த ஜனநாயகம்ப்பா? அதுல ரெண்டு வகை இருக்கே."

"ரெண்டையும் பார்த்துருவோம்! வாரத்துக்கு ஒண்ணு. ஒண்ணுல நான் தோத்தாலும் நீ திருநெல்வேலி போ!" எவ்வளவு திமிரு பாத்தீங்களா எனக்கு?

வீட்ல அஞ்சு ஓட்டு. நான், என் சம்சாரம் செண்பகவல்லி, கோமதி, எட்டாவது படிக்கிற சின்னவ சுபா, எங்களோடயே இருக்கிற என் மச்சினன் முருகவேல்.

முதல் வாரம் பிரதமர் ஆட்சி. மச்சினனுக்குப் போக்குவரத்துத் துறை... அதாவது என் பைக் சாவி. சுபாவுக்கு ஒலிபரப்புத் துறை... டிவி ரிமோட்டு. மூணு பேர் சேர்ந்தாச்சு, மெஜாரிட்டி! நான் பிரதமர்.

பதவி சுகமா இருந்துச்சாங்கிறீங்க? தினம் சாப்பிட உட்கார்ந்தா சம்சாரம் எழுந்திரிப்பா. "பிரதமர் அவர்களே, குழாய் ஒழுகுதுன்னு சொல்லி எத்தனை நாளாச்சு?" சபைக்குள்ளயே உட்கார்ந்திருக்கேன், எங்க ஓடறது? பதில் சொன்னாத்தான் ரசம்.

வாரக் கடைசியில ஓட்டு. "கோமதி உள்ளூர்ல பி.காம் படிக்கணும்." நான் கை தூக்கினேன். மச்சினன் தூக்கினான். சுபா... மெதுவா... அக்கா முகத்தைப் பார்க்காமத் தூக்கினா. மூணுக்கு ரெண்டு. ஜெயிச்சுட்டேன்!

அடுத்த வாரம் அதிபர் ஆட்சி. வீடே நேரடியா ஓட்டுப் போட்டுச்சு. செண்பகவல்லியைத் தோற்கடிச்சு நான் அதிபர். வாரம் முடியற வரைக்கும் யாரும் இறக்க முடியாது. யார் என்னை என்ன செய்ய முடியும்?

கோமதி புத்தகத்தை விரிச்சா. "அதிபர் சபையில உட்காரக் கூடாதுப்பா. மந்திரியும் கூடாது. உட்காராதவங்களுக்கு ஓட்டும் கிடையாது."

என் நாற்காலி வாசலுக்குப் போச்சு. மச்சினன்கிட்டக் கேட்டேன், "ஓட்டா, சாவியா?"

"சாவி போதும் அத்தான்!"

சுபா ரிமோட்டைக் கொண்டுவந்து என் மடியில வச்சா. "எனக்குத் துறை வேண்டாம்ப்பா. நான் சபையிலயே இருக்கேன்."

வாரக் கடைசியில ஓட்டு.

"கோமதி சட்டம் படிக்கலாம்." செண்பகவல்லி கை, கோமதி கை... சுபா கை. மூணும் மேல!

"கையெழுத்துப் போட மாட்டேன்!"னு வாசல்லருந்து கத்தினேன்.

"மூணுல ரெண்டு பங்கு பேர் திரும்பவும் கை தூக்கினா, உங்க கையெழுத்தே வேண்டாம்ப்பா." திரும்பவும் மூணு கை. முடிஞ்சுது கதை.

சின்னவளைக் கூப்பிட்டேன். "ஏட்டி, போன வாரம் எனக்குத்தானே தூக்கின?"

"அன்னைக்கு அக்காவுக்குத் தூக்கியிருந்தா உங்க ஆட்சி கவுந்துரும். அம்மா வந்தா டிவியை மூடிருவாங்க. இப்போ எப்படித் தூக்கினாலும் நீங்க விழ மாட்டீங்க. அதான், மனசுல உள்ளதைச் சொன்னேன்."

மறுநாள்தான் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அதுல அப்பா கையெழுத்து கேட்டிருந்தாங்க. நானே போட்டேன்.

பிள்ளைகளே, எது உசத்தின்னு பேராசிரியர் சொல்லட்டும். பிரதமரா இருந்தப்போ தினம் பதில் சொன்னேன், அவங்க நினைச்சா என்னை இறக்கியிருக்கலாம். அது சின்ன விஷயமா? ஆனா ஆட்சி விழுந்துருமேன்னு ஒரு பிள்ளை மனசுல இருந்ததை மறைச்சுது. அதிபரானப்போ அந்தப் பிள்ளை மனசைத் திறந்துச்சு. ஆனா குழாய் ஒழுகுதேன்னு என்னைக் கேட்க எதிர்ல ஆளில்லை... இன்னும் ஒழுகுது!

நீங்க எந்தச் சபையில வேணும்னாலும் உட்காருங்க. கையைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்... முன்னால இருக்கிற விஷயத்துக்குத் தூக்கறோமா, இல்ல சாவிக்கும் ரிமோட்டுக்கும் தூக்கறோமா? இதை மட்டும் கேட்டுக்குங்க.

என் பைக் சாவி இன்னும் மச்சினன்கிட்டதான் இருக்கு. இன்னைக்கு இங்க பஸ்லதான் வந்தேன். நின்னுக்கிட்டேதான் வந்தேன்... சந்தோஷமாத்தான் வந்தேன்.