மணியை மூன்று முறைதான் அடிக்கலாம்

பகடைகளை வாரத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரில் போட்டுக் கழுவி, துணியில் பரப்பிக் காயவைப்பது என் வழக்கம். நாலு பேர் கை படுகிற பொருள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஆனால் என் தங்கை கணவர் ஒவ்வொரு வாரமும் சிரிப்பார். "மச்சான் பகடையைக் குளிப்பாட்டிட்டாரு, பவுடர் போடறதுதான் பாக்கி" என்பார்.

நான் மருந்துக் கடையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டு மாடி அறையில் ஆட்டம் நடக்கும். உங்களுக்கு இது பழக்கமில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வாயால் கதை சொல்லி ஆடுகிற ஆட்டம். கோட்டை, பூதம், டிராகன் எல்லாம் உண்டு. ஆளுக்கு ஒரு பாத்திரம். கணக்கு டீச்சர் மந்திரவாதி, எதிர்வீட்டுத் தச்சர் கோடரி வீரன், மாப்பிள்ளை ஒரு திருடன். மீதி எல்லாம் நான். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் சொல்வேன், அதை ஜெயிக்க முடிந்ததா என்று பகடை சொல்லும். ஒரே கதையை மூன்று வருடம் நடத்தினேன்.

இதில் கஷ்டமான வேலை, மாயப் பொருள்களை அளவாக வைப்பது. தீப்பிடிக்கும் வாள் கொடுத்தால் பிடிக்கிற கையும் கொஞ்சம் சுட வேண்டும். பறக்கும் போர்வை கொடுத்தால் மழையில் அது பறக்கக் கூடாது. சும்மா கொடுத்தால் ஒருவரே எல்லாவற்றையும் முடித்துவிடுவார், மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

புதையல் பட்டியல் ஒன்று எழுதிவைத்திருந்தேன். நூறு வரி. பத்துப் பக்கப் பகடை இரண்டை உருட்டினால் ஒன்றிலிருந்து நூறு வரை ஓர் எண் விழும், அந்த வரியில் உள்ள பொருள் கிடைக்கும். நூறாவது வரியில் ஒரு வெண்கல மணி. அதை அடித்தால் கேட்கிற எதிரிகள் எல்லாரும் சண்டையை விட்டுவிடுவார்கள். எங்கே வரப்போகிறது என்ற தைரியத்தில் எழுதியது. மாப்பிள்ளை ஒரு கை விரலால் பல்லில் சிக்கியதை நோண்டிக்கொண்டே இன்னொரு கையால் பகடையை உருட்டினார். நூறு விழுந்தது.

அதற்குப் பிறகு சண்டை என்று ஒன்று நடக்கவில்லை. இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கிய டிராகன், மணிச்சத்தம் கேட்டு நாய்க்குட்டி மாதிரி படுத்துக்கொண்டது.

நான் நியாயமாகத்தான் சரிசெய்யப் பார்த்தேன். மணி அடித்தவருக்கு ஒரு நாள் பேச்சு வராது என்று விதி வைத்தேன். மாப்பிள்ளை மதியம் முழுக்கச் சைகையிலேயே ஆடினார். டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு காது கேட்காத எதிரிகளை அனுப்பினேன். "என்ன சார், போற ஊர்லயெல்லாம் இவனுங்களுக்குக் காது அவுட்டா?" என்றார் தச்சர். கடைசியாக, ஒரு நாளைக்கு மூன்று முறைதான் அடிக்கலாம் என்று மாப்பிள்ளையின் பாத்திரக் குறிப்புத் தாளிலேயே சிவப்பு மையில் எழுதினேன். அவர் எண்ணவே மாட்டார். "அதுக்குள்ள மூணு ஆயிடுச்சா? ரெண்டுதானே மச்சான்?" என்பார். "ஒண்ணே ஒண்ணு விடுங்க சார், பாவம்" என்று டீச்சரும் சேர்ந்துகொள்வார்.

மாப்பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஸ்துமா உள்ளவர். சிரித்தால் இளைக்கும். மூச்சு உள்ளே போகும்போது ஈரமாக ஒரு விசில் சத்தம் வரும். இருமி, கைக்குட்டையில் துப்பி, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அப்புறம் அதே கையால் என் தோளைத் தட்டுவார். எச்சில் தொட்டுத்தான் தாள் புரட்டுவார். அவர் போனதும் நான் சட்டையைத் தோய்த்துப் போடுவேன். வெளியே காட்டிக்கொண்டதில்லை, வீட்டு மாப்பிள்ளை. இவரைத்தான் மற்ற இருவருக்கும் பிடித்திருந்தது என்பது அதைவிட அருவருப்பு. அவர் வரத் தாமதமானால் "மாப்பிள்ளை வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்பார்கள். ராத்திரி பகலாக உட்கார்ந்து கதையை எழுதியவன் எதிரிலேயே இருப்பேன்.

அவருக்கு இன்ஹேலர் என் கை வழியாகத்தான் போகும். ஒன்றில் இருநூறு முறை அழுத்தலாம். எத்தனை மீதி என்று பின்பக்கம் ஒரு சின்ன எண் ஓடும். அவர் அதையும் பார்த்ததில்லை.

போன மாதம் புதிதாக ஒன்று கேட்டார். வியாழனும் வெள்ளியும் வேலை முடிந்து வந்து, குளியலறைச் சன்னலைத் திறந்துவைத்து அழுத்தினேன். நூற்றுத் தொண்ணூற்றேழு முறை. கட்டைவிரல் வீங்கிவிட்டது. மூன்றை விட்டுவைத்தேன். அவரைக் கொல்வது என் நோக்கம் என்றால் மூன்றை ஏன் விட வேண்டும்? இதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பொருள் தீர்ந்துபோனால் எப்படி இருக்கும் என்று அவருக்கு ஒருமுறை தெரிய வேண்டும், அவ்வளவுதான். பெட்டியைத் திரும்ப ஒட்டி, சனிக்கிழமை கையில் கொடுத்தேன். "மச்சான் இருக்கறவரைக்கும் எனக்கு என்ன கவலை" என்றார்.

ஆபத்து வராது என்று நினைக்க எனக்குக் காரணம் இருந்தது. தங்கை ஏற்கெனவே என்னிடம் இன்னொரு இன்ஹேலரைக் கொடுத்து வைத்திருந்தாள். "அண்ணா, இவரு எதையும் எங்கயாவது வெச்சிட்டு மறந்துடுவாரு. உங்க வீட்ல ஒண்ணு இருக்கட்டும். அவர்கிட்ட சொல்லாதீங்க, இதையும் தொலைச்சிடுவாரு." ஆட்ட மேசையின் இழுப்பறையில், என் முழங்காலுக்கு நேரே அது இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதையின் கடைசிக் கோட்டை. மாப்பிள்ளை மூன்று முறை மணி அடித்து மூன்று வாசலைத் தாண்டினார். நாலாவது வாசலிலும் கையைத் தூக்கினார்.

"மூணு ஆச்சு மாப்பிள்ளை" என்றேன்.

"சரி மச்சான், மணி வேண்டாம். இது வெறும் கப்பு" என்று டீக் கோப்பையை ஸ்பூனால் தட்டினார்.

"படுத்துட்டானுங்க சார், அத்தனை பேரும் படுத்துட்டானுங்க" என்றார் தச்சர். மூவரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது அவர்தான். சிரிப்பு இருமலானது, இருமல் இளைப்பானது. இன்ஹேலரை எடுத்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது முறை ஒன்றும் வரவில்லை. குலுக்கினார். திருப்பினார். முதல் தடவையாக அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

டீச்சர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டே படியிறங்கி ஓடினார், தெருமுனையில் நின்று வழிகாட்ட. தச்சர் மாப்பிள்ளையின் முதுகை நீவிக்கொண்டே கேட்டார்: "சார், வீட்ல வேற இருக்கா?"

"இல்லை" என்றேன்.

"அப்போ கடைச் சாவியைக் கொடுங்க."

கொடுத்தேன். எந்த அலமாரி, எந்தத் தட்டு என்றும் சொன்னேன். அவர் ஓடினார். கடை பத்து நிமிட நடை.

அறையில் நானும் மாப்பிள்ளையும்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் ஒழுகியது. தொண்டைக்குள் அந்த விசில் மட்டும் மெலிந்துகொண்டே போனது. "மச்சான்" என்று வாய் அசைந்தது. "மூணுதான் மாப்பிள்ளை" என்று பொறுமையாகச் சொன்னேன். "எண்ணிக்கிட்டே இருந்திருந்தா இந்தக் கஷ்டம் வந்திருக்காது." புரிந்ததா என்று தெரியவில்லை. புரிந்தது என்று ஒரு தலையாட்டல் போதும், இழுப்பறையைத் திறப்பதாகத்தான் இருந்தேன்.

தச்சர் திரும்பும் முன்பே ஆம்புலன்ஸ் வந்தது, பதினொரு நிமிடத்தில். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

நாலு நாள் கழித்து, அவர் கையெழுத்தில் இருக்கிற தாள்களை எடுத்துப்போகத் தங்கை வந்தாள். தச்சர்தான் கூட்டிவந்தார். அவளே இழுப்பறையைத் திறந்தாள்.

"அண்ணா, நான் கொடுத்தது இங்கயே இருக்கே. பிரிக்கக்கூட இல்லையே."

தச்சர் என்னைப் பார்த்தார். அழுகிய எதையோ மிதித்துவிட்ட மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். எனக்கு அது விநோதமாக இருந்தது. பிறகு அவர்தான் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தார், காலி இன்ஹேலரோடு.

தங்கை கத்தவில்லை. ஒன்றுதான் கேட்டாள். "அவரு மூச்சுக்குத் தவிக்கறப்போ நீங்க என்ன பண்ணீங்க?"

அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. உங்களிடமும் அதையேதான் சொல்கிறேன். அவர் முன்பக்கமாகச் சாய்ந்தபோது அவர் வாய் சரியாக, மேசையில் விரித்திருந்த கோட்டை வரைபடத்தின் மேல் வந்தது. மூன்று மாதம் பேனாவால் போட்டது, ஈரம் பட்டால் மை ஊறிவிடும். ஒரு கையால் அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் வரைபடத்தை உருவி, சுருட்டி, அலமாரி மேல் வைத்தேன். தலையை மெதுவாகத்தான் திரும்ப வைத்தேன். யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் செய்திருப்பார்கள்.