ஸ்டான்கில் மேசை

அங்க இல்ல மிஸ்டர், அங்க வண்டிய விடாதீங்க. அது டிராக்டர் திரும்புற எடம். ஹால் செவுத்த ஒட்டி விடுங்க. இன்னும் ஒட்டி. ஆங், போதும். கண்ணாடி ஒடைஞ்சா நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்.

யாருன்னு நீங்க சொல்லவே வேணாம். டென்ஸில் ஸ்டான்கில், பர்மிங்காம். எத்தன தடவ எழுதினீங்க! அத்தன தடவையும் வராதீங்கன்னு பதில் போட்டேன். புரியற மாதிரிதான போட்டேன்? அப்படியும் கோட்டு, டை எல்லாம் மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறீங்க.

ஆமா, நான்தான் ஐசக் ஸ்டான்கில். ஸ்டான்கில் குடும்பச் சங்கத்துத் தலைவரு. சங்கத்த ஆரம்பிச்சதும் நான்தான். கை குடுக்கறதெல்லாம் அப்புறம். இந்தப் பெஞ்சுல உக்காருங்க. உள்ள போக முடியாது, இன்னும் மேசை போட்டு முடிக்கல. மணியடிச்சாதான் கூட்டம்.

என்ன, வாசன புடிக்கறீங்களா? ஆட்டுக்கறி, மேல உருளக்கெழங்கு அடுக்கி வச்சது. காலையிலேர்ந்து அடுப்புல கெடக்கு. ரொம்ப மூக்க நீட்டாதீங்க, அது நீள மேசைக்கு. ஸ்டான்கில் ரத்தம் மட்டும் உக்கார்ற மேசை. கட்டிக்கிட்டு வந்தவங்க, விருந்தாளிங்க, வெறும் பேர மட்டும் தூக்கிக்கிட்டு வர்றவங்க, அவங்களுக்கெல்லாம் கதவோரத்துல சின்ன மேசை. அங்க சாண்ட்விச். வெள்ளரிக்கா வச்சது. என் பொண்டாட்டி சாகற வரைக்கும் வருசா வருசம் அந்தக் கதவோரத்துல உக்காந்து வெள்ளரிக்காதான் தின்னா. குளிர் காத்து வேற அவ முதுகுல அடிக்கும். ஒரு வார்த்த மொணங்கினதில்ல.

யாரு வச்ச சட்டமா? நான் வச்சது. அதுல என்ன உங்களுக்கு?

ஜன்னல்ல எட்டிப் பாக்காதீங்க. சரி, பாத்துத் தொலைங்க. செவுத்துல தொங்குதே அந்த ஒலகப் படம், அதப் பாக்கத்தான இவ்ளோ தூரம்? ஒரு குண்டூசி ஒரு குடும்பம். நாம என்ன ஸ்மித்தா? ஸ்மித்துன்னு தெருவுல கூப்பிட்டா பத்துப் பேரு திரும்பிப் பாப்பான். ஸ்டான்கில்னு லண்டன் நடுவுல நின்னு தொண்ட கிழியக் கத்துங்க, ஒரு நாய் கூட திரும்பாது. அவ்ளோ அபூர்வமான பேரு. அதோ மலச்சரிவுல வெள்ளையா ஒரு வீடு தெரியுதா? கல்வேலிக்கு மேல, ஓடை எறங்குற எடத்துல? அந்தப் பண்ணைக்குப் பேரு ஸ்டான்கில். ஒலகத்துல எந்த மூலையில ஸ்டான்கில்னு ஒருத்தன் இருந்தாலும், அவன் முப்பாட்டன் அந்த வாசப்படிய மிதிச்சு எறங்கி வந்தவன். நான் பொறந்ததும் அங்கதான். மேல் ரூம்ல.

அங்கேர்ந்து எறங்கினவங்கதான் ஊசி ஊசியா இருக்காங்க. தெக்க கொத்தா இருக்கே, அது பஞ்சாலைக்குப் போனவங்க. மேக்க கடலோரத்துல கொஞ்சம், இரும்புச் சொரங்கம். கனடாவுல ரெண்டு ஊசி. டாஸ்மேனியாவுல ஒண்ணு, அவன ஆடு திருடினதுக்குக் கப்பல்ல ஏத்தினாங்க. அத நாங்க கூட்டத்துல சொல்றதில்ல. ஆனா பாருங்க, திருடனா இருந்தாலும் நம்ம ரத்தம். அவன் வம்சத்துல ஒருத்தன் வந்தா நீள மேசைதான், ரெண்டாவது தடவ கறி கேட்டாலும் போடுவோம்.

ஜமைக்காவா? தெரியும், அதத்தான் கேப்பீங்கன்னு தெரியும். ஊசி இல்ல. கண்ணு நல்லாதான் தெரியுது உங்களுக்கு. இந்தப் பள்ளத்தாக்குல இருக்கற ஸ்டான்கில விட அங்க ஒரே ஊர்ல அதிகம் ஸ்டான்கில் இருக்காங்கன்னு எழுதியிருந்தீங்க. இருந்துட்டுப் போகட்டும். மேத்யூ ஸ்டான்கில்னு ஒருத்தன், அடிமைங்க வச்சிருந்த காலத்துல அந்தப் பண்ணை வீட்டு எளைய மகன். நெலம் மூத்தவனுக்குப் போச்சு, இவன் கரும்புத் தோட்டத்துக்கு மேற்பார்வைக்குப் போனான். இவன் பேர்ல சர்ச்சுல பளிங்குக் கல்லு இருக்கு, எல்லாராலும் மதிக்கப்பட்டவன்னு போட்டிருக்கு. அடிமைங்களுக்கு எசமான் பேர வச்சு எழுதினாங்க. பேரு வேற, ரத்தம் வேற. இதையேதான் உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் எழுதினேன். உங்கப்பா பர்மிங்காம்ல பஸ் ஓட்டினாரு, இந்தப் பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னு சாகறப்ப கூட கேட்டாரு. வருத்தந்தான். அதுக்கு நான் என்ன பண்ண?

மொறைக்காதீங்க. உங்களுக்குன்னு தனியா ஒண்ணும் செய்யல. லீட்ஸ்லேர்ந்து ஒரு பெரியவரு வருவாரு, நல்ல மனுசன், வந்தா பாட்டெல்லாம் பாடுவாரு. அவரு தாத்தா தத்துப் புள்ளைன்னு ஒரு வருசம் தெரிஞ்சுபோச்சு. கூட்டம் நடக்குது, கறி பரிமாறியாச்சு. எந்திரிங்கன்னு சொன்னேன். கையில முள்கரண்டியோட எந்திரிச்சாரு. அப்படியே கதவோரம் போயி உக்காந்தாரு. அடுத்த வருசம் வரல. வில்ஃபோட மருமகன், கல்யாணத்தப்ப பொண்டாட்டி பேர எடுத்துக்கிட்டவன், அவனையும் எழுப்பினேன். வில்ஃப் என் பெரியப்பா மகன். அன்னையிலேர்ந்து என்னோட பேச்சில்ல. போகட்டும். ஒரு குடும்பம்னா ஒரு வேலி வேணும். வேலி இல்லாட்டி அது வெறும் மல.

புதுசா வர்றவங்க எப்படி நீள மேசைக்குப் போறதா? அதுக்கும் மொற இருக்கு. ஆட்டுக்காரங்க மொற. நீங்க பர்மிங்காம், உங்களுக்குத் தெரியாது. இங்க மலையில வேலி கெடையாது. எல்லார் ஆடும் ஒண்ணாதான் மேயும். குளிருக்கு முன்னாடி எல்லாத்தையும் கீழ எறக்கி, வழி தப்பி வந்தத மட்டும் ஒரு பட்டியில அடைப்போம். ஊரே கூடி நிக்கும். அவனவன் போயி, காதுல போட்ட வெட்டப் பாப்பான், முதுகுச் சாயத்தப் பாப்பான். தன்னோடதுன்னா முதுகுல கைய வச்சு, இது என் ஆடும்பான். அவ்ளோதான், கோர்ட்டு கீர்ட்டு ஒண்ணும் கெடையாது. எவனும் கை வைக்கலன்னா அத ஏலத்துல தள்ளிடுவாங்க.

அதையேதான் நான் சங்கத்துக்கு வச்சேன். புதுசா வந்தவன் மேசை முன்னாடி நிக்கணும். ரத்தத்துல வந்த ஒருத்தர் எந்திரிச்சு வந்து, தோள்ல கைய வச்சு, இது நம்ம ஆடுன்னு சத்தமா சொல்லணும். சொன்னா உக்காரலாம். யாரும் எந்திரிக்கலன்னா, கதவோரம்.

சிரிப்பா இருக்கா? இருக்கும். எங்கப்பா எட்வின் ஸ்டான்கில் முன்னாடி இப்படிச் சிரிச்சிருந்தா தெரியும். மூடுபனியில, அம்பது அடி தள்ளி ஒரு ஆடு நின்னா அது யாரு ஆடு, அதோட அம்மா எதுன்னு சொல்லுவாரு. அவரு கிட்ட எதையும் மறைக்க முடியாது. வீட்ல ஒரு ரொட்டித் துண்டு கொறஞ்சா கூட அவருக்குத் தெரிஞ்சிரும்.

இன்னும் மணியடிக்கல, உக்காருங்க. நான் பேசி முடிக்கல.

பஞ்சுக் குச்சிய யாரு அனுப்பச் சொன்னா உங்களுக்கு? கன்னத்துக்குள்ள தேச்சு, பொட்டலம் கட்டி, இந்தாங்க டி.என்.ஏ., பாத்துக்கோங்கன்னு சங்கத்துக்கே அனுப்பினீங்களே! எனக்கு வந்துச்சே கோவம். சரி, இந்த ஆளு வாய ஒரேயடியா அடைச்சிடுவோம்னு, நானே சங்கக் காசுல எல்லாருக்கும் குச்சி வாங்கினேன். கடல் தாண்டி இருக்கறவங்களுக்குத் தபால்ல அனுப்பினேன், இங்க வீடு வீடா நானே போனேன். வில்ஃப் கதவத் தொறக்கல, அவன் பொண்டாட்டி ஐவிதான் அவன் வாயத் தொறக்க வச்சா. அப்புறம் மொதல் ஆளா என் கன்னத்துலயும் தேச்சேன். ஸ்டான்கில் பண்ணையில பொறந்த ஆம்பள, என்னோடதுதான் அளவுகோலுன்னு சொல்லித் தேச்சேன்.

சங்கத்துச் செயலாளர் ஐவிதான். பரிசோதனைக்காரங்க அவளுக்குத்தான் ஃபோன் பண்ணினாங்க. அவ என் சமையக்கட்டுக்கு வந்து நின்னா. கோட்டக் கூட கழட்டல.

உங்களோடது வில்ஃபோட ஒட்டிக்கிச்சு மிஸ்டர். பஞ்சாலைக்காரங்களோட, கனடாக்காரங்களோட, அந்த ஆட்டுத் திருடனோட வம்சம் வரைக்கும், எல்லாரோடயும் அப்படியே ஒட்டிக்கிச்சு. அந்தப் பளிங்குக்கல்லு மேத்யூ அங்க என்ன பண்ணினான்னு இனிமே யாரும் கேக்க வேண்டியதில்ல. உங்க பாட்டிக்குப் பாட்டியோ யாரோ, அந்தப் பொம்பளைக்கு நடந்தத ஒறவுன்னு சொல்ல எனக்கு நாக்கு கூசுது. அசிங்கமா இருக்கு. அந்தக் கல்லப் பேத்து எறியணும்னு வந்துச்சு. ஆனா ரத்தம் ஒண்ணுதான். காலையில நானே ஜமைக்காவுல ஊசி குத்தினேன். அந்தப் படத்துல இல்ல, அது பழைய படம். புதுப்படம் மேசைக்கு அடியில சுருட்டி வச்சிருக்கு. கூட்டத்துல விரிக்கறதா இருக்கு.

அட, கையப் புடிக்காதீங்க. இன்னும் இருக்கு.

என்னோடது யாரோடயும் ஒட்டல.

ஆமா. காதுல விழுந்துச்சுல்ல? யாரோடயும் இல்ல. இத்தாலியாம். தெக்கத்தி இத்தாலி. ரெண்டாம் ஒலகச் சண்டைக் காலத்துல எங்கப்பா பர்மாவுல இருந்தாரு. பண்ணையில வேலைக்கு இத்தாலிக் கைதிங்கள அனுப்புவாங்க, பள்ளத்தாக்குல எல்லா வீட்டுக்கும் வந்தாங்க. எங்க கல்வேலியில ஒரு பக்கம் ஒரு இத்தாலிக்காரன் கட்டினதுன்னு எங்கம்மா காட்டுவா. நல்லா கட்டியிருக்கான். இன்னும் ஒரு கல்லு சரியல. ஊர்ல யாருக்கும் இல்லாத என் கருகரு முடியப் பாத்து ஸ்கூல்ல பசங்க காக்கான்னு கூப்பிடுவாங்க, அப்பக்கூட எனக்கு ஒறைக்கல. ஊருக்கே அளவுகோலு நானுன்னு திரிஞ்சிருக்கேன் பாருங்க.

எங்கப்பாவுக்கா? அவருக்குத் தெரியாமயா? மூடுபனியில ஆட்ட அடையாளம் சொல்ற மனுசனுக்கு, வீட்டுக்குள்ள நடமாடுறது யாரு புள்ளைன்னு தெரியாதா? நான் சின்னப் பையன், முட்டி வரைக்கும் டவுசர் போட்டுக்கிட்டு மொதல் தடவ ஆட்டுப் பட்டிக்குப் போறேன். ஊரே நிக்குது. பட்டிக்குள்ள வழி தப்பின ஆடுங்க நடுவுல நானும் நிக்கிறேன். அவரு உள்ள எறங்கி வந்தாரு. ஆட்டத் தொடல. என் தோள்ல கைய வச்சாரு. இது என்னோடதுன்னாரு. ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், தமாஷுன்னு நெனச்சு. அவரு சிரிக்கல. ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்துட்டு, அப்புறந்தான் கைய எடுத்தாரு. அத வச்சுத்தான மிஸ்டர் இந்தச் சங்கத்துக்கே மொற வச்சேன்! அது எதுக்குன்னு இந்த வாரந்தான் எனக்குப் புரியுது.

அழல. காத்து.

மணி. கேக்குதா? அடிச்சுட்டாங்க. ஐவி சொல்லிட்டா, நீங்களா சொல்றீங்களா இல்ல நான் சொல்லட்டுமான்னு. நானே சொல்றேன்னுட்டேன். நான் வச்ச சட்டம், நானே உக்காந்துக்கிட்டு மீற முடியாது. தலைவர் நாற்காலியிலேர்ந்து எந்திரிச்சு, புது ஆளு மாதிரி மேசை முன்னாடி வந்து நிக்கப் போறேன். யாராவது ஒருத்தர் எந்திரிக்கணும். வில்ஃப் எந்திரிக்க மாட்டான், செத்த நாயத் தொட்டாலும் தொடுவான், என்னத் தொட மாட்டான். மத்தவங்களும் அப்படித்தான். ஒவ்வொருத்தர் வீட்லயும் யாரையாவது ஒருத்தர நான் எழுப்பி விட்டிருக்கேன்.

நான் இன்னும் எழுப்பி விடாத ஸ்டான்கில் நீங்க ஒருத்தர்தான். உக்காரவே விடல, அது வேற விசயம்.

இதுக்காகத்தான் உங்கள வழியிலயே மறிச்சேன். பல்ல இளிச்சுக்கிட்டு கேக்க எனக்கு வராது. கேட்டுட்டேன், அவ்ளோதான். கை வைக்க மனசில்லன்னா விடுங்க தம்பி, உங்க மேல தப்பில்ல. கதவோரம் என் பொண்டாட்டி நாற்காலி காலியாதான் கெடக்கு, போயி உக்காந்துக்கறேன். வெள்ளரிக்கா திங்கக் கத்துக்கறேன்.

ஆனா வைக்கறதா இருந்தா எடது தோள்ல வைங்க. வலது தோள்ல எங்கப்பா வச்சிருக்காரு.