நவாப்புக்கு ஏற்ற பையன்

செருப்பு வாங்கும்போது காலை அளந்து பார்க்கிறோம். குதிரை விஷயமும் அப்படித்தான் சார். காலுக்குப் பதில் தைரியத்தை அளக்க வேண்டும், அவ்வளவுதான்.

கவரைப்பேட்டைக்கு உள்ளே ஹபிபுல்லா பாய் நடத்தும் குதிரைப் பள்ளியில் அந்த அளவெடுக்கும் வேலை என்னுடையது. பாய் முன்பு பழவேற்காட்டில் கல்யாணங்களுக்குக் குதிரை வாடகைக்கு விட்டவர். பிள்ளைகளுக்கு எதையாவது கற்றுக்கொடுத்தே தீர வேண்டும் என்று கம்பெனி அதிகாரிகள் அலைவதைப் பார்த்துப் பள்ளி ஆரம்பித்தார். குதிரைகள் மூன்று. காப்பி பழைய பந்தயக் குதிரை, வேகம். லட்டு கிழட்டுப் பெட்டை, வைக்கோலைக் கண்டால் மட்டும் நடக்கும். நவாப் வெள்ளை. ஊர்வலத்தில் மாப்பிள்ளைகளைச் சுமந்தது. சும்மா இருக்கும்போது சுவர் மாதிரி நிற்கும். பேண்டு கேட்டால் ஆடும். டிரம்மை வேகமாக அடித்தால் பின்னங்காலில் எழுந்து நிற்கும். அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். ஒருமுறை ஒரு அம்மாவின் ரிங்டோனுக்கு ஆட ஆரம்பித்து, அவர் போனை எடுக்கும்வரை ஆடியது. அதற்குப் பிறகு பள்ளிக்குள் எல்லோருடைய போனும் சைலண்ட்.

இதற்கு முன்னால் நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பிக் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்தேன். திடீரென்று ஒரு நாள் வெட்டும் மெஷினில் போட்டார்கள். எனக்குப் பழக்கமில்லை என்று மேனேஜர் மணவாளனிடம் சொன்னேன். "ஏறி நின்னா எல்லாம் பழகிக்கும்டா" என்றார். பழகியது. இரண்டு விரல் போன பிறகு வேலையை விட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கையைப் பார்த்தீர்கள், அதனால் சொன்னேன்.

மணவாளனின் மகன் அன்புசெல்வன் எங்களிடம் படித்தான். பிளஸ் டூ. நல்ல பையன், முதுகை நேராக வைத்து உட்காருவான். போட்டோவுக்கு ஏற்ற உடம்பு. நர்மதா வேறு ரகம். பொன்னேரிப் பக்கம் நெல் போடுகிற வீட்டுப் பெண். அவள் அப்பா எங்களுக்கு வைக்கோல் இறக்க வந்த அன்று காப்பி மேல் ஏறினாள். இறங்க மனசே வரவில்லை அவளுக்கு.

மாநில முகாமுக்கு எங்கள் ஆண்டு விழாவில் சவாரியைப் பார்த்து ஒருவரைத்தான் எடுப்பார்கள். காப்பி கிடைத்தால் நர்மதா போவாள். கிடைக்காவிட்டால் வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பார்கள். மணவாளன் தன் மகனுக்குக் காப்பிதான் வேண்டும் என்றார். விழாப் பந்தல் அவர் செலவு.

"நீயே பாத்து எதுனா பண்ணு நைனா. எனக்கு ஒரே பேஜாரா கீது" என்றார் பாய்.

பண்ணினேன். காப்பி நர்மதாவுக்கு, நவாப் அன்புசெல்வனுக்கு. நேராக உட்காரத் தெரிந்தவனுக்கு அசையாமல் நிற்கும் குதிரை. இதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

சிறப்பு விருந்தினருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று பேண்டு செட்டுக்கும் சொல்லி வைத்தேன். பாய்க்குச் சொல்லவில்லை. அவருக்கு ஏற்கெனவே ஆயிரம் கவலை.

நர்மதா ஒரு கம்பைக்கூடத் தட்டாமல் தாண்டி முடித்தாள். அடுத்து அன்புசெல்வன் நவாப்பை மைதானத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான். நான் கையைத் தூக்கினேன். பேண்டு ஆரம்பித்தது.

நவாப் அன்றைக்கு ஆடியது மாதிரி எந்தக் கல்யாணத்திலும் ஆடியிருக்காது. கூட்டம் கை தட்டியது. மணவாளன் வீடியோ எடுத்தார். அவர் மச்சான் வந்து, கல்யாண ஊர்வலப் பழக்க தோஷம்தான், ஒரு நோட்டைக் குதிரையின் முகத்துக்கு முன் சுற்றி லகானில் செருகிவிட்டுப் போனார். "ணா, எறக்கி உடுங்கணா" என்று பையன் கத்தினான். கேட்டது. டிரம்காரரைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் வேகத்தைக் கூட்டினார். நவாப் எழுந்து நின்றது. பையன் விழுந்தான். நவாப்பின் முன்னங்கால்கள் அவன் மேல் இறங்கின. தாளம் தப்பவில்லை.

நர்மதாதான் ஓடிவந்து லகானைப் பிடித்தாள். அதுவரை என்னை அண்ணா என்பாள். "யோவ், நிறுத்தச் சொல்லுயா. நீ மனுஷன்தானா?" என்றாள்.

ஏன் நிறுத்தவில்லை என்று நீங்களும் கேட்கிறீர்கள். பாதிப் பாட்டில் நிறுத்தினால் நவாப் குழம்பிவிடும் சார். மறுபடி பழக்குவது கஷ்டம்.

பையனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்கிறார்கள். சக்கர நாற்காலி வாங்கப் போகிறார்களாம். அளவு பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

நான் செய்தது நர்மதாவுக்காக. முகாமுக்கு அவளைத்தான் எடுத்தார்கள். போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு, உங்களிடம் வந்து சாட்சி சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் திறமை இருக்கிறது, விவரம் இல்லை. ஆனாலும் விழா அன்று காலையில் கேட்டதாக அவள் சொன்னது உண்மை.

அன்று காலையிலேயே அன்புசெல்வன் என்னிடம் வந்தான். "அண்ணா, காப்பி எனக்கு செட் ஆவாது. நர்மதாக்கே குடுத்துடுங்க. அப்பா கைல நான் பேசிக்கிறேன். எனக்கு லட்டு போதும்" என்றான். லட்டு மேல் அவனே சேணமும் போட்டு வைத்திருந்தான். என்னிடம் வந்த பிள்ளைகளில் தன் அளவைத் தானே சரியாகச் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

நான் அந்தச் சேணத்தைக் கழற்றி நவாப் மேல் போட்டேன்.

"எனக்கு நவாப் பழக்கமில்லையேணா" என்றான்.

ஏறி உட்கார்ந்தால் எல்லாம் பழகிவிடும் என்று சொன்னேன்.