மஞ்சள் வாத்துக்கு அப்பால்

பொதுச் சாலையில் எனக்கு இதுவரை ஒரு அபராதச் சீட்டுகூட வந்ததில்லை. பலகையில் ஐம்பது என்று போட்டிருந்தால் நாற்பத்தெட்டில் போகிற ஆள் நான். இன்றைக்கு இங்கே பஸ்ஸில் வந்தேன். அதற்குக் காரணம் வேறு, பிறகு சொல்கிறேன். காபி வேண்டாம், தண்ணீர் போதும். முடிந்தால் அந்த ஜன்னலைச் சாத்திவிடுங்கள். கீழே யாரோ தேவையில்லாமல் எஞ்சினை உறுமவிடுகிறார்கள்.

என் பெயர் ஹெரிபெர்ட் கிளிங்ஹாமர். வயது ஐம்பத்தெட்டு. எங்கள் ஊர்ப் பந்தயத் தடத்தில் முப்பத்தொரு வருடங்களாக ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். அறுநூறு குதிரைச் சக்தி வண்டியை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கிறவர்கள் என்னிடம் வருவார்கள். தடம் இருபது கிலோமீட்டர் நீளம். காட்டுக்குள் ஏறி இறங்கி வளைந்து போகும். திறந்த நாட்களில் யார் வேண்டுமானாலும் வாயிலில் சீட்டு வாங்கி உள்ளே போகலாம்.

நான் கற்றுக்கொடுக்கும் முறை எளிது. நான் என் வண்டியில் முன்னால் போவேன். மாணவர் தன் வண்டியில் இரண்டு வண்டி நீளம் விட்டுப் பின்னால் வருவார். என் சக்கரம் போன இடத்தில் அவர் சக்கரம் போக வேண்டும். என் பின்விளக்கு சிவந்தால் அவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். "மரத்தப் பாக்காத, வேகத்தப் பாக்காத, என் விளக்க மட்டும் பாரு" என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே போவேன். ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் எங்கள் தடத்தில் டாக்டர், முதலாளி எல்லாம் கிடையாது. எல்லோரும் ‘நீ’தான். கழற்றிய பிறகு மறுபடி ‘நீங்க’.

கோப்லென்ஸ் நகரத்துப் போலீஸ்காரரான உங்களுக்குத் தெரியாத இன்னொரு வழக்கமும் உண்டு. எங்கள் ஊரில் ‘கடைசிச் சுற்று’ என்ற சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள். சாயங்காலம் வாயிலை மூடப் போகிறார்கள், பெட்ரோலும் தீர்ந்துவிட்டது என்றால்கூட "இன்னும் ஒண்ணு" என்றுதான் சொல்வார்கள். அந்த ஒன்றை ஓட்டிவிட்டு, வண்டியைத் துடைத்து, வீட்டுக்குப் போவார்கள். யாராவது வெளியூர்க்காரர் தெரியாமல் அந்தச் சொல்லைச் சொன்னால் பக்கத்தில் நிற்பவர் அவருடைய சாவியைப் பிடுங்கிக்கொள்வார். காரணம் கேட்காதீர்கள். அதைச் சொல்லிவிட்டுப் போனவர்களின் பெயர்கள் எங்கள் தேவாலயச் சுவரில் இருக்கின்றன.

மத்தேஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் அவனும் ஒரே வகுப்பில் படித்தோம். அவன் தடத்தில் கொடிக்காரன். பன்றிப் பள்ளம் என்ற வளைவுக்கு முன்னால் அவன் காவல் மேடை. மேட்டிலிருந்து சரிவில் இருநூற்றிருபது வேகத்தில் இறங்கி, சட்டென்று வலது பக்கம் திரும்ப வேண்டிய இடம் அது. யாரோ ஒரு ரசிகர் தார்மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு வாத்து வரைந்து வைத்திருக்கிறார். பிரேக்கை மிதிக்க வேண்டிய இடத்துக்கு அந்த வாத்துதான் எல்லோருக்கும் அடையாளம். என் வண்டி சின்னது, உள்ளே இருக்கையைத் தவிர ஒன்றும் இல்லாதது, ஒட்டிப் பிடிக்கும் டயர். வாத்தைத் தாண்டி நாற்பது மீட்டர் போய்க்கூட என்னால் நிறுத்த முடியும். மத்தேஸுக்கு அது பிடிக்காது. "டேய் ஹெரி, அந்த வாத்துமேல ஏன்டா ஏறிட்டே போற? உனக்கு முட்டை போடவா அது?" என்பான். மதியம் ஊறுகாய் மீன் வைத்த ரொட்டியைக் கையில் பிடித்தபடியே கொடி காட்டுகிற ஆள்.

அவன் மனைவி ரோஸ்வித்தா கட்டுப்பாட்டு அறையில் ரேடியோ பார்க்கிறாள். தடத்தில் யார் யாரிடம் பேசினாலும் அவள் காதில் விழும். இருபது வருடங்களாக ஞாயிறு மதிய உணவு எனக்கு அவர்கள் வீட்டில்தான்.

போன அக்டோபரில் மத்தேஸ் இறந்தான். உங்கள் கோப்பிலேயே இருக்கும். ஏதோ ஒரு வண்டியிலிருந்து புகைக்குழாய் கழன்று பள்ளத்துக்கு முன்னால் கிடந்தது. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடியை ஒரு கையில் ஆட்டிக்கொண்டே அவன் அதை இழுக்க ஓரத்தில் இறங்கினான். நான் முன்னால் வந்தேன். எனக்குப் பின்னால் என் மாணவர், மியூன்ஸ்டர் நகரத்துப் பல் மருத்துவர் ஃபோல்கர் ஹாசன்காம்ப், தன் ஆரஞ்சு நிற இத்தாலிய வண்டியில். நான் கடந்து போனேன். அவர் வண்டி மத்தேஸை அடித்தது.

கொடியைக் கண்டதும் நான் வேகத்தைக் குறைத்தேன், பின்னால் வந்தவர் கவனிக்கவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னேன். தடத்துக்குள் கேமரா வைக்கத் தடை. அதனால் என் சொல்தான் சாட்சி. ஃபோல்கர் எதையும் மறுக்கவில்லை. சிவப்பு விளக்கு ஒன்றைத் தவிர எதுவும் ஞாபகம் இல்லை என்றார், அழுதார். ஒன்பது மாதச் சிறைத் தண்டனை விதித்து நிறுத்தி வைத்தார்கள். ஓட்டுநர் உரிமத்தை ஆறு மாதம் பிடுங்கினார்கள். எங்கள் ஊர் மதுக்கடையில் அதைப் பற்றி நிறையப் பேசினார்கள். "மியூன்ஸ்டர்காரன் பல்லு புடுங்கக் கத்துக்கிட்டான், பிரேக்கு புடிக்கக் கத்துக்கல" என்றார் கடைக்காரர். யாரும் சிரிக்கவில்லை. என் கோப்பையை நிரப்பிவிட்டுப் போனார்.

ஜூன் மாதம் ஃபோல்கர் திரும்பி வந்தார். அதே ஆரஞ்சு வண்டி. ஒரு மனிதனைக் கொன்ற வண்டியைக் கழுவி மெழுகு பூசி அதே ஊருக்கு ஓட்டிக்கொண்டு வருகிறார் என்றால், அந்த ஊர் என்ன நினைக்கும் என்று நீங்களே யோசியுங்கள். மத்தேஸுக்குக் கிடைக்காத நியாயத்தை யாராவது வாங்கித் தரத்தான் வேண்டும். நான் அவனுடைய நண்பன்.

காலை பத்து மணி. வெயில், காய்ந்த தார், காற்று இல்லை. மூன்று சுற்று அவரை என் பின்னால் கூட்டிப்போனேன். மூன்றிலும் வாத்துக்கு முன்பே என் விளக்கு சிவந்தது. அவரும் மிதித்தார். அழகாக ஓட்டினார், சொல்லத்தான் வேண்டும். நான்காவது சுற்றில் நான் வாத்தைத் தாண்டி நாற்பது மீட்டர் போன பிறகு மிதித்தேன். என் வண்டி வேகம் குறைந்து வளைவில் திரும்பியது. அவருடையது ஆயிரத்தறுநூறு கிலோ. அது திரும்பாமல் நேராக மரங்களுக்குள் போனது, அவர் அங்கேயே இறந்தார். பிரேக்கை முழுதாக அழுத்தியிருந்ததாக அதன் கணினி சொன்னதாமே. அழுத்தியிருப்பார். நான் சொல்லிக்கொடுத்ததைத் தவறாமல் செய்கிறவர்.

அலறல் எதுவும் கேட்கவில்லை. ரேடியோவில் "ஓ" என்று மட்டும் கேட்டது. வீட்டைப் பூட்டிய பிறகு சாவியை உள்ளே வைத்துவிட்டது நினைவுக்கு வந்தால் ஒருவர் சொல்வாரே, அந்த அளவு.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. கனமான வண்டி, பழக்கம் விட்டுப்போன கை, பயம் பிடித்த மனது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தடத்தில் இப்படி நடப்பதுண்டு. ஆசிரியர் வேகமாகப் போவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நான் அவரைத் தொடவில்லை. அவருக்கு முன்னால் வண்டி ஓட்டினேன், அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து ரோஸ்வித்தா என் வீட்டுக்கு வந்தாள். பிளம் பழக் கேக் ஒன்றைத் துணி போட்டு மூடிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். உட்காரவில்லை.

"ஹெரி, நாலாவது சுத்து கிளம்பும்போது ரேடியோல என்ன சொன்ன?"

வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன் என்றேன்.

"இல்ல. ‘இது கடைசிச் சுற்று, என் விளக்க மட்டும் பாரு’ன்னு சொன்ன. நான் ரெண்டு காதாலயும் கேட்டேன். முப்பது வருஷத்துல உன் வாயில அந்த வார்த்தை வந்ததே இல்ல."

"ஏதோ வாய் தவறிடுச்சு."

"மத்தேஸ் செத்த அன்னிக்குக்கூட நீ ‘இன்னும் ஒண்ணு’ன்னுதான் சொன்ன. அப்ப உனக்கு எதுவும் தெரியாது. இந்தத் தடவை தெரிஞ்சிருக்கு."

கேக்கை விட்டுவிட்டுத் துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். நீங்கள் அவள் சொன்னதை எழுதிக்கொண்டு, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதில் எல்லாமே இருக்கிறது.

ஏன் சொன்னேன் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். அது ஒரு எச்சரிக்கை என்றே நினைக்கிறேன். அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். எங்கள் ஊர்க்காரனாக இருந்தால் அந்தச் சொல்லைக் கேட்ட உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரமாக நிறுத்தியிருப்பான். அவர் "சரி" என்றார்.

பஸ்ஸில் ஏன் வந்தேன் என்பதையும் இப்போது சொல்லிவிடலாம். என் வண்டியின் கண்ணாடியில் ஆரஞ்சு நிறம் தெரிகிறது. சரியாக இரண்டு வண்டி நீளம் தள்ளி. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வருகிறது. பால் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன், கடை வாசலில் எனக்குப் பின்னால் நின்றது. கண்ணாடிகளை மூன்றையும் கழற்றிவிட்டேன். அப்புறம் திரும்பிப் பார்க்காமலே தெரிய ஆரம்பித்தது. அது முட்டுவதில்லை, முந்துவதும் இல்லை. நான் எப்போது பிரேக் போடுவேன் என்று காத்துக்கொண்டு வருகிறது. பஸ்ஸில் நான் ஓட்டவில்லை, அதனால் வராது என்று நினைத்தேன். நீங்கள் ஜன்னலைச் சாத்தினீர்கள் அல்லவா? இன்னும் கேட்கிறது.

முழுதாகச் சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன்.

ஃபோல்கர் ஜூனில் ஓட்டக் கற்க வரவில்லை. காலையில் வாகன நிறுத்துமிடத்தில் கையில் ஹெல்மெட்டோடு என் முன்னால் நின்றார். இரவெல்லாம் தூங்காத முகம். "உங்களக் குத்தம் சொல்ல வரல. எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் வருது. அன்னிக்கு நான் கொடியப் பாக்கல, உங்க விளக்கத்தான் பாத்தேன். அது எரியலன்னு தோணுது. நான் பாத்த சிவப்பு அடிச்சதுக்கு அப்புறம் வந்தது. தப்பா இருக்கலாம். உங்க பின்னாடி ஒரு தடவை ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்" என்றார். ஓட்டிப் பார்ப்போம் என்றேன்.

மூன்று சுற்றிலும் என் விளக்கு முறையாக எரிந்ததை அவர் பார்த்தார். வாயிலைத் தாண்டி நிறுத்தியதும் என் ஜன்னல் அருகே வந்து குனிந்தார். ஹெல்மெட் தலையில் இருந்ததால் ‘நீ’ என்றே பேசினார்.

"நீ சரியாத்தான் மிதிக்கிற. என் புத்திதான் ஏதோ கதை கட்டியிருக்கு. மன்னிச்சுடு. உன்னப் போய் சந்தேகப்பட்டேன்." என் தோளைத் தொட்டார். "இன்னிக்கு அந்த அம்மாவப் பாத்து மன்னிப்புக் கேக்கணும். என் மனசுல இருந்த எல்லாத்தையும் சொல்லிடுறேன். விளக்கு எரியலன்னு இத்தனை நாளா நெனச்சேன் பாரு, அந்தப் பைத்தியக்காரத்தனத்தையும் சேத்து சொல்லிடுறேன்."

அவருக்கு அது பைத்தியக்காரத்தனம். ரோஸ்வித்தாவுக்கு அப்படி இருக்காது. அவள் முப்பது வருடமாக இந்தத் தடத்தைக் காதால் பார்க்கிறவள். கேட்ட உடனே தெரிந்துகொள்வாள். இன்னும் ஒன்று போகலாம், பிறகு உன்னை நானே அவளிடம் கூட்டிப்போகிறேன் என்றேன்.

ஆமாம், அக்டோபரில் என் விளக்கு எரியவில்லை. நான் மிதிக்காததால் எரியவில்லை. கொடியைப் பார்த்தேன். மத்தேஸையும், அவன் இன்னொரு கையில் அந்த ரொட்டி இல்லாமல் குழாய் இருந்ததையும் பார்த்தேன். அன்றைக்கு என் சுற்று நேரம் வாழ்நாளிலேயே சிறப்பாக வந்துகொண்டிருந்தது. அவன் ஓரத்தில்தான் இருக்கிறான், இடம் போதும் என்று கணக்குப் போட்டேன். எனக்குப் போதுமாகத்தான் இருந்தது. கையளவு திருப்பி விலகினேன். விலகுவது விளக்கில் தெரியாது. பின்னால் வந்தவர் நான் சொல்லிக்கொடுத்தபடி விளக்கை மட்டும் பார்த்தார்.

அவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒரே ஒரு வேண்டுகோள். ரோஸ்வித்தாவிடம் காட்டும்போது ஜூனில் நடந்ததை மட்டும் காட்டுங்கள், அக்டோபர் வேண்டாம். ஜூனை அவள் புரிந்துகொள்வாள். அதை நான் மத்தேஸுக்காகத்தானே செய்தேன்.