பாலத்தடிக் கடையா, கோர்ட்டு எதிர்க்கடையா

ஒரே ஒரு வாய் ரோஸ்ட் கோழியைத் தின்றுவிட்டு, அதை ஓவனிலிருந்து எடுத்த சமையல்காரர் இடக்கைக்காரரா வலக்கைக்காரரா என்று சொல்லிவிடும் நாக்கு எங்கள் வீட்டில் இருந்தது. நீங்கள் நம்ப வேண்டாம். என் மச்சானே நம்பியதில்லை. அவன் என் மனைவியின் தம்பி, கணக்கு வாத்தியார். லிஃப்ட் சோதிக்கும் வேலையில் முப்பத்தாறு வருடம் நான் ஏறி இறங்கியது நிலாவுக்கு இரண்டு தடவை போய்வந்த தூரம் இருக்கும் என்று ஒருநாள் சொன்னேன். "பத்தால வகுத்தாலும் தேறாதே அத்தான்" என்றான். அக்காவின் நாக்கைப் பற்றிச் சொன்னபோதும் அதே பதில்தான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு வாரப் பத்திரிகையில் 'கோழியும் கோப்பையும்' என்று பத்தி எழுத ஆரம்பித்தேன். வெள்ளைத் துணி விரித்த பெரிய இடங்கள் பக்கம் நான் போகவில்லை. சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்காரக்கூடிய சாதாரணக் கடைகளாகப் பார்த்து இரண்டிரண்டாக மோதவிடுவேன். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஒரு கடை, இரண்டு மணிக்கு இன்னொன்று. இரண்டிலும் அரைக் கோழி, அங்கே ஊற்றிக் கொடுக்கும் சிவப்பு ஒயின் ஒரு கோப்பை. ஜெயித்தது அடுத்த சுற்றுக்குப் போகும். ஊரே கட்சி கட்டிக்கொண்டது. என் பத்தியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய கடைகள் நானூறு இருக்கும். சரி, நான்கு.

என் நாக்கு லிஃப்ட் கதவு மாதிரி. எது வந்தாலும் உள்ளே விடும், எது போனது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளாது. ருசி பார்த்தது என் மனைவி. முதலில் தொடை, பிறகு நெஞ்சு, பிறகு தோல், கடைசியில் ஒரு மிடறு ஒயின். கண்ணை மூடிக்கொள்வாள். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"வெட்டுறதுக்கு முன்னாடி ஆற விடலங்க. அவசரக்காரன்" என்பாள். இல்லாவிட்டால், "இந்த ஒயின் நல்ல மனுஷன்தான். ஆனா இந்தக் கோழி வீட்டுல பொண்ணு எடுத்திருக்கக் கூடாது."

அதை ஊதிப் பெருக்கி ஒரு பக்கத்துக்குக் கொண்டுவருவது என் வேலை. பெயர் என்னுடையது. அவளுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. இருந்ததாக அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

முப்பத்திரண்டு கடைகளில் ஆரம்பித்து நான்கு மிஞ்சியிருந்தபோது அவளுக்கு நெஞ்சுவலி வந்தது. டாக்டர் காலையும் மாலையும் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று கொடுத்தார். ஒரு வேளைகூட விடக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் இதயம் முரண்டு பிடிக்கும் என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சிலருக்கு நாக்கு கொஞ்சம் மந்தமாகலாம் என்றும் சொன்னார்.

கொஞ்சம் இல்லை. அடுத்த புதன்கிழமை இரண்டு கடையிலும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டாள். "ஆணியைச் சப்புற மாதிரி இருக்குங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

பத்தியை நிறுத்தியிருக்கலாம். பூவா தலையா போட்டு முடிவு எழுதியிருக்கலாம். ஆனால் வாசகர்களை ஏமாற்றுவது என் சுபாவத்தில் இல்லை. அதோடு, ருசி போன அவள் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. ஆகவே அவளுக்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நான் சாப்பிடும் சத்து மாத்திரையும் அதே அளவு, அதே வெள்ளை. அவளுடைய புட்டியைக் காலி செய்து இதை நிரப்புவதற்கு, லிஃப்ட் ஒன்பதாவது மாடிக்குப் போகும் நேரம்கூட ஆகவில்லை. நானே காலையும் மாலையும் எடுத்துக் கொடுத்தேன், தண்ணீரோடு. அவளுக்குக் கடைசிவரை தெரியாது. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

பத்தாவது நாள் காலையில் ரொட்டியைக் கடித்தவள் அப்படியே நின்றாள். "என்னங்க, வெண்ணெய் வெண்ணெயா இருக்கு" என்றாள். கண் கலங்கியிருந்தது. சந்தோஷம்தான், வேறென்ன.

அரையிறுதிகள் இரண்டும் நல்லபடியாக முடிந்தன. மாடிப்படியில் அவளுக்கு மூச்சு வாங்கியது; நான் பின்னாலேயே மெதுவாக ஏறினேன். கால் வீங்கியது, ஒரு அளவு பெரிய செருப்பாக வாங்கி வந்து நானே மாட்டிவிட்டேன். கவனிக்காத கணவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

இறுதிப் போட்டிக்கு நின்றவை, ரயில் போகும்போதெல்லாம் கோப்பைகள் கிணுகிணுக்கும் பாலத்தடிக் கடையும், வக்கீல்கள் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு வந்து உட்காரும் கோர்ட்டு எதிர்க்கடையும். பாலத்தடியில் அவள் வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாள். "அழுதுக்கிட்டே உப்பு போட்டிருக்காங்க. ஆனா கை நடுங்கல" என்றாள். என்ன ஒரு வாக்கியம். அப்படியே எழுதிக்கொண்டேன்.

இரண்டு மணிக்குக் கோர்ட்டு எதிர்க்கடை. தொடை, நெஞ்சு, தோல், ஒரு மிடறு. முள்கரண்டியைக் கீழே வைத்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. இடக்கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. சுவர்க்கடிகாரத்தில் இரண்டே கால்.

"இதுவா, அதுவா?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தாள்.

"நிதானமா சொல்லு. அவசரமில்ல."

பரிமாறுகிற பெண் ஓடி வந்தாள். "அம்மாவுக்கு என்ன ஆச்சு சார்? தண்ணி கொண்டுவரட்டா?"

"ஒண்ணுமில்லம்மா, ருசி பார்த்துக்கிட்டிருக்காங்க. இப்பத் தண்ணி குடிச்சா கெட்டுப்போயிடும்" என்றேன். அவள் தயங்கித் தயங்கி உள்ளே போனாள். கடிகாரம் இரண்டரை காட்டியபோது என் மனைவியின் தலை மேசையில் சாய்ந்தது. அதன் பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன். அதற்கு முன்னால் சொல்லவில்லை.

அந்த வாரப் பத்தி சரியான நேரத்துக்குப் போனது. பாலத்தடி ஜெயித்ததாக எழுதினேன். அவள் வாயால் சொல்லாத முடிவு அது. இன்றுவரை என் மனதை உறுத்துவது அதுதான்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் என் வாசகர். உட்கார வைத்து டீ வரவழைத்தார். "துக்கத்துல இப்படியெல்லாம் தோணும் சார். பத்தி எப்ப மறுபடி வருது?" என்றார். டாக்டர், பலவீனமான இதயம், எப்போது வேண்டுமானாலும் நின்றிருக்கும் என்று என் முதுகைத் தட்டினார். பத்திரிகை ஆசிரியர், கதை நன்றாக வந்திருக்கிறது, இரண்டு வாரம் தொடராகப் போடலாமா என்றார். வாழ்நாளெல்லாம் கூட்டிச் சொன்னவனுக்கு இதுதான் கதி.

மச்சானிடம் கடைசியாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் சாப்பாட்டு மேசையில், அவள் உட்காரும் நாற்காலியை விட்டு அடுத்ததில் உட்கார்ந்திருந்தான். புட்டி, செருப்பு, கடிகாரம் எதையும் விடவில்லை. சிரிப்பான் என்று காத்திருந்தேன். அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாத்திரை மாறியிருக்குன்னு அக்கா மொத நாளே போன் பண்ணிச் சொன்னா" என்றான். "மரத்த நாக்குக்கே பழசு கசக்கும், இது மாவு மாதிரி இருக்குன்னா."

நான் அவள் நாற்காலியை மேசையோடு சேர்த்துத் தள்ளினேன்.

"நான் நம்பல. அத்தானுக்கு வாய்தான் பெருசு, அவ்வளவு தூரம் போற ஆளு இல்லன்னு சொன்னேன். அப்படியே சந்தேகம்னா துப்பிடு அக்கான்னேன்."

"ஏன் துப்பல?"

"மாட்டேன்னா. புதன்கிழமை மட்டும்தான் அவர் நான் பேசுறத உக்கார்ந்து கேக்குறாரு, இதையும் விட்டா வேற என்னடா இருக்குன்னா."

நான் ஏதோ சொல்லி வைக்க வாயைத் திறந்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"வேணாம் அத்தான். நடந்ததுதான். நீங்க சொன்னதெல்லாம் அப்படியேதான் நடந்திருக்கு."